மூன்றாவது துணுக்கு

மருதப்பன் பாதத்தைத் தூக்கி ஸ்டூலில் வைத்ததும் ரசீதா கையுறையை மாட்டிக்கொண்டாள்.

விடிந்ததிலிருந்து இவர் பதினேழாவது ஆள். அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது.

சங்கரன்கோவிலில் ஒரு தோல் டாக்டரிடம் துணுக்கு எடுக்கிற வேலை அவளுக்கு. புண்ணிலிருந்து அரிசி அளவு சதை. அது ஐஸ் பெட்டியில் மதுரைக்குப் போகும். அங்கே அதிலிருக்கும் டி.என்.ஏ.வைப் படித்து, இது இன்ன பூஞ்சை என்று பேர் சொல்வார்கள்.

பேர் தெரிந்தால் மருந்து உண்டு.

மருதப்பனுக்கு வந்திருக்கிற பூஞ்சைக்கு இன்னும் பேர் தெரியவில்லை. வயலில் முள் குத்திய இடம், ஒன்றரை வருடத்தில் பாதம் முழுக்கப் புண் கண் கண்ணாகத் திறந்துவிட்டது. இரண்டு தடவை துணுக்கு போனது. இரண்டு தடவையும் ஒரே பதில். மண்ணில் கிடக்கிற பூஞ்சை பலதும் கலந்திருக்கிறது, நோய் தருவது எதுவென்று பிரிக்க முடியவில்லை, திரும்ப அனுப்பவும்.

மண், மஞ்சள், களிம்பு எதுவும் ஆகாது என்று அவள் இரண்டு தடவையும் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

இந்த முறையும் பேர் வராவிட்டால் கணுக்காலோடு எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எலும்பைத் தொட்டுவிட்டதாம்.

"அண்ணாச்சி, நெசத்தச் சொல்லணும். இதுல எதும் பூசுதியளா?"

"ஒண்ணும் இல்லம்மா. தண்ணி ஊத்திக் கழுவுததோட சரி."

அதையும் அவரேதான் கழுவிக்கொள்கிறார். ஒன்றரை வருடமாக அந்தக் காலை யாரும் தொடுவதில்லை. மனைவி ஆவுடையம்மாள்கூடச் செம்பைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

போன தடவை சிரித்துக்கொண்டே சொன்னார். "வாசுதேவநல்லூர்ல பஸ் ஏறுனா இங்கன வந்து எறங்குத வரைக்கும் ரெண்டு சீட்டும் எனக்குத்தான். ராசா மாதிரி வாரேன்."

ரசீதாவுக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, பாதத்தில் திறந்திருந்த ஒரு புண்கண்ணில் வைத்து அழுத்தி எடுத்தாள். பஞ்சில் லேசாகச் செம்மண் நிறம்.

இந்த ஊரில் அந்த நிறம் தெரியாதவர்கள் யார்? கோவில் புற்றுமண். சின்ன வயதில் படை வந்தபோது ரசீதாவுக்கும் அவள் உம்மா அதைத்தான் குழைத்துப் பூசிவிட்டாள்.

கோபப்படவும் தெம்பு வேண்டுமே. பஞ்சை வெளிச்சத்தில் பிடித்துக்காட்டினாள், அவ்வளவுதான்.

பின்னால் பெஞ்சில் இருந்த ஆவுடையம்மாள் பதறி எழுந்தாள். மடியிலிருந்த மஞ்சள் பை கீழே விழுந்தது.

"அவிய மேல தப்பில்ல தாயி. அவியளுக்குத் தெரியவே தெரியாது. விடியக்காலம் அவிய அசந்து தூங்குதப்ப நாந்தான் பூசுவேன். எந்திரிக்கதுக்குள்ள காஞ்சு உதுந்துரும்."

மருதப்பன் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரசீதா எடுத்து வைத்திருந்த கத்தியைத் தட்டில் திரும்ப வைத்தாள். இன்றைக்கு எடுத்தால் மண்ணுக்குத்தான் பேர் வரும். டாக்டரிடம் பேசிப் பதினைந்து நாள் வாங்கித் தருவதாகச் சொன்னாள். அதுவரைக்கும் அந்தக் காலில் ஒன்றும் பூசக்கூடாது. கையே படக்கூடாது.

ஆவுடையம்மாள் தலையை ஆட்டி ஆட்டி அழுதாள்.

படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. வேறு எதுவும் பூசினார்களா, எத்தனை நாள்.

"எத்தன நாளாக்கா பூசுனிய?"

ஆவுடையம்மாள் கண்ணைத் துடைத்துவிட்டு விரலை மடக்கினாள். ஆடித்தபசுத் திருவிழா அன்றைக்குக் கோவிலில் மண் எடுத்து வந்தது. அதிலிருந்து ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. மடக்கிய விரலை விரித்து, முதலிலிருந்து திரும்ப மடக்கினாள்.

"ஒரு நூறு நாள் இருக்குமா தாயி…"

"நூத்திப் பதினாலு," என்றார் மருதப்பன்.

ஆவுடையம்மாளின் விரல் அப்படியே நின்றது.

அவர் காலண்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நடுவுல ரெண்டு நாளு அவளுக்குக் காய்ச்சலு. அன்னைக்கு வரல."