வலது புருவம்

அண்ணன் மாசிலாமணியும் தம்பி பொன்னரங்கமும் பேச்சை விட்டபிறகும், கோயில் கதவுக்குப் பித்தளைத் தகடு அடிக்கும் வேலை ஆளுக்குப் பாதியாகத்தான் வந்தது. இடது கதவின் காவல் பூதம் அண்ணனுக்கு, வலது கதவினுடையது தம்பிக்கு. பொன்னரங்கம் தன் பூதத்துக்கு அண்ணன் முகத்தையே அடித்துக் கோரைப்பல் வைத்தான். அண்ணன் செத்த பிறகும் ஊர் அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும்.

தகடு மாட்டுகிற அன்று காலையில் அண்ணன் அவன் வாசலில் காறித் துப்பிவிட்டுப் போனான். அந்த ஆத்திரத்தில்தான் குறை தெரிந்தது. ஒரே அச்சான இருவரையும் ஊர் பிரித்தறிவது பழைய வெட்டுக்காயத்தை வைத்துத்தான். கட்டிப் புரண்டு அடித்துக்கொண்ட நாளில் அண்ணனுக்கு இடது புருவம் கிழிந்தது, தம்பிக்கு வலது. தகட்டைக் குப்புறப் போட்டு, பின்பக்கமிருந்து அண்ணனின் இடது புருவ வடுவை ஓங்கி அடித்து எழுப்பினான். திருப்பிக்கூடப் பார்க்காமல் சாக்கைச் சுற்றினான்.

கோயிலில் சாக்கை அவிழ்த்ததும் கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"அட பொன்னரங்கம், அச்சு அசல் நீயேதான்யா!" என்றார் தர்மகர்த்தா.

குப்புறக் கிடக்கும் தகட்டில் வலம் இடமாகும் என்பதைக் கோபத்தில் மறந்திருந்தான். வடு வலது புருவத்தில் புடைத்து நின்றது.

"வேணாங்க, நான் எடுத்துட்டுப் போறேன். வேற அடிச்சுத் தரேன்."

"எதுக்குடா?" என்றான் மாசிலாமணி. பல வருஷங்களுக்குப் பிறகு தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை அது. "கோரப்பல்லு உனக்கு நல்லாத்தானே பொருந்துது."

தகட்டைக் கதவோடு அழுத்திப் பிடித்து, ஆணியை ஓரத்தில் வைத்து, சுத்தியலுக்காகக் கையை நீட்டினான். சுத்தியல் பொன்னரங்கத்தின் கையில் இருந்தது.