தமிழரசுவின் டீசி

“டீசி மட்டும் குடுத்துராதீங்க டீச்சர். சஸ்பெண்டு பண்ணுங்க, ஒரு வாரம் வெளிய நிக்க வெய்யுங்க, என்ன வேணும்னாலும் பண்ணுங்க. டீசி மட்டும் வேண்டாமுங்க.”

தலைமையாசிரியை சித்ரா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கண்களைக் கசக்கிக்கொண்டார். ஆத்தூர்ப் பக்கமிருந்து மாற்றலாகி, ஜேடர்பாளையத்தைத் தாண்டி இருக்கும் இந்தப் பள்ளிக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் இப்படி. பிளஸ் ஒன் படிக்கும் தமிழரசு நேற்று மைதானத்து மூலையில் போதை மாத்திரையோடு பிடிபட்டிருந்தான்.

காலையிலிருந்து ஆசிரியர்களும் பெற்றோர் சங்கத்து ஆட்களும் மாறி மாறி வந்து, ‘அனுப்பிவிடுங்கள்’ என்று ஒரே பாட்டாகப் பாடிவிட்டுப் போயிருந்தார்கள். பேசிப் பேசித் தொண்டை வறண்டிருந்தது. இப்போது இவர். “தமிழரசு விசயமா வந்திருக்காருங்க” என்று வாட்ச்மேன் உள்ளே அனுப்பிய மனிதர். பெயர் மயில்சாமி என்றார். கரும்பாலையில் வெல்லம் காய்ச்சிக்கொண்டிருந்தவர் அப்படியே கிளம்பி வந்திருக்க வேண்டும். சட்டைக் கையில் பாகு காய்ந்து ஒட்டியிருந்தது.

“அம்மா வரலைங்களா?”

“அவங்கம்மாளுக்குத் தெம்பில்லீங்க. நேத்து வெசயம் தெரிஞ்சதுல இருந்து அடுப்பே பத்த வெக்கல. ரோட்டுல தல காட்ட வெக்கப்பட்டுக்கிட்டு உள்ளயே கெடக்கறா. நான் போயிட்டு வாரேன்னு கெளம்பி வந்தனுங்க.”

“பையனுக்கு இந்தப் பழக்கம் இருக்கறது உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?”

“தெரியுமுங்க.”

சித்ராவுக்குக் கோபம் வந்தது. அதைக் காட்டக்கூட அலுப்பாக இருந்தது. “தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?”

“சும்மா இல்லீங்க. வாராவாரம் நாமக்கல் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுத்தானுங்க போறேன். மனநல டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்க. அவங்ககிட்டத்தான் மொதல்ல வாயத் தொறந்தான். தூக்கமே வாரதில்லையாமா. யாரோ நெஞ்சு மேல ஏறி ஒக்காந்து அமுக்கற மாதிரி இருக்குதாமா. அத முழுங்குனா கொஞ்ச நேரம் ஒண்ணும் தெரியாதாமா. எத்தன நாளா இதையெல்லாம் உள்ளயே வெச்சுக்கிட்டுத் திரிஞ்சானோ. என்னடா பண்ணுதுன்னு கேக்க ஒரு ஆள் இல்லாமப் போச்சுங்க.”

“அப்படி ஆஸ்பத்திரிக்குப் போயும் நேத்து மறுபடி மாட்டியிருக்கானே?”

“ஆமாங்க.” அவர் மறுக்கவில்லை. “டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். இதுல சறுக்கறதும் உண்டு, திட்டாதீங்க, உட்டுறாமக் கூட்டிட்டு வாங்கன்னாங்க. எனக்கும் சலிச்சுத்தானுங்க போகுது. பஸ் ஏறும்போதெல்லாம், போதுஞ்சாமி, இவன் எப்படியோ போறான்னு வாய் வரைக்கும் வந்துருது. அப்பறம் அந்த மூஞ்சியப் பாத்தா சொல்ல முடியறதில்லீங்க.”

“மத்த பிள்ளைங்களையும் நான் பாக்கணும் இல்லைங்களா? இவன் இன்னொருத்தனுக்குக் குடுத்துப் பழக்கிட்டா, அந்தப் பிள்ளையோட அப்பா அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

மயில்சாமி சட்டைக் கையில் ஒட்டியிருந்த பாகை நகத்தால் சுரண்டினார். சன்னலுக்கு வெளியே யாரோ சத்தமாகப் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

“நாயந்தானுங்க,” என்றார் கடைசியில். “ஆனா, வெளிய அனுப்பிட்டா இவன் எங்க போவான்? காத்தால எந்திரிச்சுப் பையத் தூக்கிக்கிட்டுப் போறதுக்குன்னு இந்த ஒரு எடம் இருக்குதுங்க. இதுவும் இல்லீன்னா பகல் முச்சூடும் அந்த மாத்திர விக்கறவனுங்ககிட்டத்தான் போய் நிப்பான்.”

சித்ரா ஆளனுப்பித் தமிழரசுவை வரச் சொன்னார். வந்தவன் கதவோரமாகவே நின்றான். மயில்சாமியைப் பார்த்ததும் தலை இன்னும் கவிழ்ந்தது.

“காத்தால ஏதாச்சும் சாப்புட்டியா சாமி?” என்று கேட்டார் அவர்.

நேற்றிலிருந்து யார் அதட்டியும் அழாத பையன், முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். “நீங்க எதுக்குங்க வந்தீங்க? எனக்காகவெல்லாம் நீங்க வராதீங்க.”

“வராம? புதங்கெழம ஆஸ்பத்திரிக்குப் போகோணுமல்ல?” மயில்சாமி எழுந்து போய் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். பிறகு, உத்தரவு கேட்பதுபோல் சித்ராவைப் பார்த்தார்.

சித்ராவுக்கு அதற்குமேல் யோசிக்க எதுவும் இருக்கவில்லை. “போய் மூஞ்சியக் கழுவிட்டு வகுப்புக்குப் போ தமிழரசு. நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்தா எந்த நேரமானாலும் நேரா என்கிட்ட வா. யாரும் தடுக்க மாட்டாங்க.”

அவன் போனதும் மயில்சாமி கைகூப்பினார்.

“டீசி இல்லைங்க. வகுப்பு ஆசிரியர்கிட்ட நானே பேசிடறேன். அந்த டாக்டரம்மா நம்பரை எனக்கும் குடுத்துட்டுப் போங்க,” என்ற சித்ரா, அன்று முதல்முறையாகச் சற்றே சிரித்தார். “உங்க மகன் குடுத்து வெச்சவன். இப்படி ஒரு அப்பா எத்தனை பேருக்குக் கிடைப்பாங்க?”

வாசல்வரை போய்விட்ட மயில்சாமி நின்றார்.

“அவன் எம்பட மகன் இல்லீங்க டீச்சர். பக்கத்து ஊட்டுப் பையன், அப்பன் இல்லாதவன். எம்பட மகன் கௌதமனும் இங்கதான் படிச்சான். போன வருசம் இதே மாத்திரையோட புடிச்சு அவனுக்கு டீசி குடுத்துட்டாங்க. அதுக்கப்பறம் ஊட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடந்தவன், ரெண்டு மாசத்துல எங்களுக்கு இல்லாமப் போயிட்டானுங்க.”

செருப்பை மாட்டிக்கொண்டே, யாரையும் குறை சொல்லாத குரலில் அவர் சொன்னார்: “அவனுக்கு மொதமொதல்ல அந்த மாத்திரையக் குடுத்தது இந்தத் தமிழரசுதானுங்க.”