மோட்டாராவது மண்ணாங்கட்டியாவது

ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. பழசுதான், ஆனால் பவுசுக்குக் குறைவில்லை. அதன் இரண்டு ஹெட்லைட்டுகளும் பகலெல்லாம் பானெட்டுக்குள் மூடிபோட்டுப் படுத்திருக்கும். சுவிட்சைத் தட்டினால் தவளைக் கண் மாதிரி பொசுக்கென்று எழும்பும்.

ஒருநாள் இடது விளக்கு மட்டும் எழுந்தது. ஒற்றைக் கண்ணோடு போன காரைப் பார்த்துத் தெருவே சிரித்தது.

“அண்ணே, என்னைத் தூக்குற மோட்டார் போயிருச்சு போல” என்று உள்ளேயிருந்து முனகியது வலது விளக்கு.

“மோட்டாராவது மண்ணாங்கட்டியாவது! என்னைப் பாரு. எந்திரிக்கணும்னு மனசு வேணும்டா!” என்றது இடது.

மெக்கானிக் சகாயராஜ் வந்தார். கோளாறு மோட்டாரிலா வயரிலா என்று பார்க்க, இரண்டு மோட்டார்களையும் கழற்றி இடம் மாற்றி மாட்டினார். சுவிட்சைத் தட்டினார்.

வலது விளக்கு ஜிவ்வென்று எழுந்தது. “அடேயப்பா! வானம்! தெரு! ஆட்டுக்குட்டி!” என்று கூத்தாடியது.

இடது படுத்தபடியே கத்தியது: “டேய், அது என் மோட்டார்டா!”

“மோட்டாராவது மண்ணாங்கட்டியாவது! மனசு வேணும்ணே!”

கோளாறு எதில் என்று தெரிந்துவிட்டது. சகாயராஜ் புது மோட்டார் ஒன்றை மாட்டினார். இரண்டு விளக்குகளும் ஜோராக எழுந்து ஒன்றையொன்று முறைத்தன. கைகலப்பு வருமோ என்று கார் நடுங்கியது.

நல்லவேளை, மழை தூறியது. வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுபோய், “என் மோட்டார்...” என்று இழுத்தது.

அண்ணனும் தம்பியும் ஒரே குரலில் உற்சாகமாகக் கத்தினார்கள்:

“மோட்டாராவது மண்ணாங்கட்டியாவது!”