மூடிய வாய்க்குள் ஒரு மூச்சு

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பெஞ்சில் காலை வெயில் பாதிவரை ஏறியிருக்கிறது. கம்பெனிக்குக் கிளம்பிய செல்வராணி, மகனின் நண்பன் ஸ்டீபனின் செல்போனைக் குனிந்து பார்க்கிறாள். போன மாதம் விபத்தில் இறந்த அவள் மகன் ஜோஷ்வா பாடி வைத்துவிட்டுப் போன பாட்டு. அந்தப் பாட்டுக்கான வீடியோவில், கடற்கரையில் நின்று வேறொரு பையன் வாயசைக்கிறான். நல்ல சட்டை, நல்ல சிரிப்பு. பல்லவிக்கு முன்னால் அவன் வாய் மூடியிருக்கும்போதே யாரோ மூச்சிழுப்பது கேட்கிறது. "அந்த சவுண்டு மட்டும் வீடியோவுக்கு ஒட்டலம்மா, கட் பண்ணிடறேன்" என்கிறான் படமெடுத்த ஸ்டீபன். "வோணாம் நைனா. அது எம்புள்ள மூச்சுடா." ரயில் இரைச்சலோடு உள்ளே வருகிறது. அவள் ஏறவில்லை. பாட்டை விரலால் பின்னுக்குத் தள்ளி, போனைக் காதோடு அழுத்திக்கொள்கிறாள். ஜோஷ்வா மறுபடியும் மூச்சிழுக்கிறான்.