தோழர் கொடுத்த கவுன்

“அவர் கையெழுத்தேதானா?”

குமாஸ்தா தலையை ஆட்டினார். ஆற்றோரக் குடிசைகளை இடிக்கச் சொல்லும் அரசு உத்தரவு. கீழே அமைச்சரின் கையெழுத்து.

வக்கீலம்மா அந்தக் கையெழுத்தை மறுபடி உற்றுப் பார்த்தாள். அந்தக் குடிசைகளுக்காகத் தலை நரைக்கும்வரை கோர்ட்டில் மல்லுக்கட்டிய சிவப்புச் சட்டைக்காரர் அவர். இவளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். தேர்தலில் ஜெயித்து அமைச்சரானதும் தன் கறுப்பு கவுனை இவளிடம் கொடுத்து, “இனி நீ பார்த்துக்கோ” என்றவர்.

“வேலியே பயிரை மேயுது. நாற்காலி யாரை விட்டுச்சு, போங்கம்மா” என்றார் குமாஸ்தா.

“நான் விடப் போறதில்லை. மனுவை டைப் பண்ணுங்க.”

அவர் கொடுத்த கவுனையே மாட்டிக்கொண்டு அவருக்கு எதிராகப் போய் நின்றாள்.

நீதிபதி உத்தரவைப் படித்துவிட்டு அரசு வக்கீலைப் பார்த்தார்.

“குடியிருக்கிறவங்களுக்கு நோட்டீஸ் கொடுத்தீங்களா? அவங்க தரப்பைக் கேட்டீங்களா?”

அரசு வக்கீல் கேஸ் கட்டைப் புரட்டு புரட்டு என்று புரட்டினார். இருந்தால்தானே கிடைக்கும்!

உத்தரவு செல்லாது, மாற்று இடம் கொடுக்காமல் ஒரு குடிசையைத் தொடக் கூடாது என்று தீர்ப்பானது. குடிசைக்காரர்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

அவளுக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை. நேரே அமைச்சர் வீட்டுக்குப் போய், கவுனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

“நீங்களே வச்சுக்குங்க, மினிஸ்டர் சார். நோட்டீஸ் கொடுக்காத உத்தரவு கோர்ட்டில நிக்காதுன்னு எனக்கு முதல் பாடமா சொன்னதே நீங்கதான். பதவி வந்ததும் ஜனங்களையும் மறந்தாச்சு, சட்டத்தையும் மறந்தாச்சு.”

“தோழர்னு கூப்பிடுவியே?”

“அது கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி.”

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“போடலேன்னா வேற ஆளை உட்கார வைப்போம்னு மேலிடத்துல சொல்லிட்டாங்கம்மா.”

“பதவியைத் தூக்கி மூஞ்சியில எறிஞ்சுட்டு வந்திருக்கணும். நான் பார்த்த தோழர் அதைத்தான் செஞ்சிருப்பார்.”

அவர் கவுனை மடித்து அவள் கையிலேயே திரும்ப வைத்தார்.

“நான் எழுந்து வந்திருந்தா, அடுத்து உட்காருறவன் முறையா நோட்டீஸ் கொடுத்துட்டு இடிச்சிருப்பான்.”