பிறந்த சூடு

நாமக்கல்லுக்கு வெளியே ஒரு கோழிப்பண்ணையில், நேற்று வேனில் வந்திறங்கிய குஞ்சுகள் தகர வளையத்துக்குள் சூடு தரும் பல்புகளின் கீழே நெருக்கியடித்துக் கத்துகின்றன. வள்ளியாத்தாள் குனிந்து, அசையாத குஞ்சுகளைப் பொறுக்கி வாளியில் போடுகிறாள். லீவுக்கு வந்திருக்கும் மகள் நித்யஸ்ரீ, வானியல் ஆராய்ச்சி செய்கிறவள், கதவோரத் தீவன மூட்டைமேல் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிறாள். திரையில் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படம்: நட்சத்திரத்தை மறைத்த கறுப்பு வட்டம், அதன் பக்கத்தில் மங்கலாக ஓர் ஆரஞ்சுப் புள்ளி. "அதென்ன, சாமி?" என்று மகளைக் கேட்கிறாள் வள்ளியாத்தாள், குனிந்தபடியே திரையைத் திரும்பிப் பார்த்து.

"வேற சூரியனைச் சுத்தற கிரகம்மா. நம்ம வியாழனை விடப் பெருசு. அதோட சூட்டைத்தான் படம் புடிச்சிருக்குது."

"சூடு இருந்தா உசுரு இருக்குமல்ல?"

"இல்லம்மா. அது பொறந்தப்ப இருந்த சூடு. கொஞ்சங்கொஞ்சமா ஆறிட்டு இருக்குது, அவ்வளவுதான்."

வள்ளியாத்தாளின் கையிலிருக்கும் குஞ்சுக்குத் தலை தொங்குகிறது. அதைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறாள். கதகதப்பு இன்னும் இருக்கிறது. வாளி காலடியில் இருக்கிறது. பல்பு கைக்கெட்டும் தூரத்தில் எரிகிறது. குஞ்சை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் மூடிக்கொண்டு அவள் அப்படியே நிற்கிறாள்.