முத்திரை வைக்காத குவாங்

தென்சீனாவின் ஃபோஷான் நகரத்துத் தேநீர்க் கடையில், ஞாயிற்றுக்கிழமைக் காலை, ஜன்னலோர வட்ட மேசையில் மூன்று பேர். வாசலைப் பார்த்த நாற்காலியில் பிரின்சிபால் தாம் அம்மாள்; ஆறு மழலையர் பள்ளிகளுக்குச் சொந்தக்காரர். அவருக்கு வலப்பக்கம் ஏஜென்ட் குவாங். பள்ளிகளுக்கு ஆங்கில டீச்சர் பிடித்துக் கொடுப்பவர். வாசலுக்கு முதுகு காட்டி, கறுப்பு முடியை ஒட்ட வெட்டியிருந்த வெள்ளைக்காரப் பெண்; குவாங் அன்று கூட்டி வந்திருந்த டீச்சர். அவள் சாப்ஸ்டிக்கைத் தொடாமல் முள்கரண்டி கேட்டு வாங்கியிருந்தாள்.

"நேத்துதான் வந்து இறங்கினா மேடம். நம்ம பேச்சுல ஒரு வார்த்தை தெரியாது. நாம தாராளமா பேசலாம்" என்றார் குவாங்.

"எந்த ஊரு?"

"மால்டோவா, இங்கிலீஷ் பேசாத நாடு. பிள்ளைங்களைப் பெத்தவங்ககிட்ட கனடான்னு சொல்லிக்குங்க. டொராண்டோல படிச்ச பட்டம் ஒண்ணு அச்சடிச்சு வெச்சிருக்கேன். நம்ம அச்சாபீஸ்ல போட்டது, அசலே தோத்துடும்." திரும்பி, செவிடரிடம் பேசுவது போல உரக்க ஆங்கிலத்தில், "நீ... கனடா! சரியா?" என்றார்.

அவள் சிரித்துத் தலையாட்டினாள்.

"பொம்மை மாதிரி இருக்கா பாருங்க. இதுதான் வேணும்."

குவாங் கெட்டிலை எடுத்து வரிசையாகத் தேநீர் ஊற்றினார். தாம் அம்மாள் நன்றிக்கு இரண்டு விரலால் மேசையைத் தட்டினார். அந்தப் பெண்ணும் இரண்டு விரலால் தட்டினாள். குவாங் தன் கோப்பையை நிரப்பிக்கொண்டு கோழிக்கால் தட்டைப் பக்கத்தில் இழுத்தார்.

"பின்னாடி ஏதாவது வம்பு வந்தா?" என்றார் தாம் அம்மாள்.

"வம்பா? மூணு வருஷம் முன்னாடி ஒருத்தி இருந்தா. மஞ்சள் முடி. வேற ஸ்கூலுக்குப் போறேன்னு என்கிட்டயே வந்து நின்னா. சரியான விசா இல்லாம கூட்டி வந்ததே நான்தானே? போலீசுக்கு நானே போன் போட்டேன்."

"நீங்களேவா?"

"பின்ன? கையில விலங்கோட என்னைக் காட்டி அழுதா. இவ யாருன்னே தெரியாதுன்னுட்டேன். கொஞ்ச நாள் உள்ள வெச்சு, ஊருக்கு ஏத்தி விட்டுட்டாங்க. போட்டுக் குடுத்தது யாருன்னு இன்னைக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாது." எலும்பைத் தட்டோரம் துப்பினார்.

"அவ பேரு?"

"யாருக்கு ஞாபகம்! வெள்ளை மூஞ்சி எல்லாம் எனக்கு ஒரே மூஞ்சிதான் மேடம்."

எதிரே இருந்தவள் முள்கரண்டியால் கொழுக்கட்டையை இரண்டாக வெட்டினாள். மெல்ல வெட்டினாள்.

"உங்க மேல ஒண்ணும் வரலையா?"

"எப்படி வரும்? எந்தத் தாள்லயும் என் முத்திரை கிடையாது. தொழில்ல நான் கத்துக்கிட்டது இது ஒண்ணுதான்."

தாம் அம்மாள் கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து வைத்தார். வெளிநாட்டாருக்கு வேலை அனுமதி தரும் அரசு அலுவலகத்துக்கு. இந்த ஆசிரியை கனடாவில் படித்தவர், பட்டத்தை எங்கள் நிறுவனமே சரிபார்த்தது என்று எழுதி, கீழே குவாங் நிறுவனத்தின் பெயர் அச்சிட்டிருந்தது.

"இதுல உங்க முத்திரை வேணும்."

"மேடம், இப்பத்தானே சொன்னேன்..."

"கேட்டேன். அதனாலதான் கேக்கறேன். நாளைக்கு என்னையும் யாருன்னே தெரியாதுன்னுட்டா? ஆறு ஸ்கூல், அஞ்சு வருஷத்துக்கு உங்க டீச்சருங்க மட்டும்தான். முத்திரை விழுந்தா ஒப்பந்தம். இல்லைன்னா மத்தியானம் வேற ஏஜென்ட் வர்றார். பயமா இருந்தா விட்டுடுங்க."

குவாங் மீசையைத் துடைத்தார். ஜன்னலைப் பார்த்தார். ஆறு பள்ளி. இந்த ஊரில் வேறு ஏஜென்டே தலை தூக்க முடியாது.

"குவாங்குக்கு பயமா?" இடுப்புப் பையிலிருந்து முத்திரையை எடுத்தார். அதன் வாயில் ஒருமுறை ஊதினார். அழுத்தி வைத்தார். வட்டமாக, ரத்தச் சிவப்பாக விழுந்தது.

பட்டத்தையும் கடிதத்தையும் உறையில் போட்டு அவரே ஒட்டினார். தாம் அம்மாள் கை காட்ட, வாசலில் நின்ற கூரியர்க்காரர் வந்து வாங்கி, ரசீதை குவாங் பெயருக்கே கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். வெளியே வண்டி கிளம்பிய சத்தம் கேட்டது.

"ஒப்பந்தத்தை எடுங்க மேடம்!"

தாம் அம்மாள் கைப்பையை மூடினார்.

டீச்சர் முள்கரண்டியைத் தள்ளி வைத்தாள். சாப்ஸ்டிக்கை எடுத்து, கடைசிக் கோழிக்காலை லாவகமாகப் பிடித்துத் தன் கோப்பைத் தட்டில் வைத்தாள்.

"முடிஞ்சுதா, அத்தை?" என்று தாம் அம்மாளிடம் கேட்டாள். பிசிறில்லாத கான்டனீஸ்; அந்த ஊர்ப் பேச்சேதான்.

"முடிஞ்சுது மருமகளே. என் பையன்கிட்ட நீயே போன் போட்டுச் சொல்லு, உன் வாயால கேட்டா சந்தோஷப்படுவான்."

குவாங் அந்த முகத்தை முதல் தடவையாகப் பார்த்தார். முடி மட்டும் மஞ்சளாக இருந்திருந்தால்...

"இந்தத் தடவை போலீசுக்கு நான் போன் போடறேன். போன தடவை உங்க முத்திரை இல்லை, குவாங் அண்ணே. இந்தத் தடவை இருக்கு."